ஏழாம் எண் கட்டிலின் துயில்

அறுவைக்கு முன்னர் நிரப்ப வேண்டிய படிவத்தில் பதினான்காவதாக ஒரு வினா இருந்தது: "இரவில் நோயாளியுடன் ஒரே அறையில் உறங்குபவர் யார்?" ஆவுடையம்மாள் அதற்கு நேரே ஒரு சிறு கோடு இழுத்தாள். வயது அறுபத்தொன்று, பணி ஓய்வுபெற்ற பெண்கள் விடுதிக் காப்பாளர், ஒவ்வாமை எதுவுமில்லை என்பனவற்றையெல்லாம் அச்சடித்தாற்போன்ற எழுத்தில் நிரப்பியவள், அந்தக் கோட்டையும் அடிக்கோல் வைத்தாற்போல நேராகவே இழுத்தாள்.

படிவத்தை வாங்கிக்கொண்டவள் ஷாஹிதா, மருத்துவமனையின் துயிற்பிரிவில் கருவிகளை இயக்குபவள், மேலப்பாளையத்துப் பெண்.

"யாருமே இல்லையாம்மா?"

"அதான் கோடு போட்டிருக்கேனே."

"இல்ல, தங்கச்சி, அண்ணன் மக்க, யாராச்சும்..."

"இருக்காங்க. அவுக அவுக வீட்ல தூங்குதாங்க."

ஷாஹிதா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஆவுடையம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவாறே கேட்டாள். "வலி முதுகுல. ஆபரேஷன் முதுகுல. நீங்க எதுக்கு என் தூக்கத்தப் பதியணும்ங்கிய?"

"மயக்க மருந்து குடுக்கிறது தூக்கம் இல்லம்மா. பாக்கத் தூக்கம் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நாலு மணி நேரம் மூளையை வலுக்கட்டாயமா நிறுத்தி வச்சிருதோம். முழிச்ச பெறகு அது தூங்குற வழியையே மறந்து போயிருது. மேலாப்புல தூங்கும், பொசுக்குன்னு முழிக்கும். அதோட ஆணி போட்ட வலி வேற. ஆழ்ந்து தூங்கலைன்னா எலும்பு ஒட்டாது."

"அதுக்கு?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி மூணு ராத்திரி நீங்க எப்படித் தூங்குறீங்கன்னு எங்க மெத்தையே பதிஞ்சுக்கும். முதுகுல ஆணி வைக்கும்போது அரிசி மணி அளவு ஒரு கருவியையும் சேத்து வச்சிருவாங்க. வீட்டுக்குப் போய்ப் படுத்ததும் அது உங்க பழைய தூக்கத்தோட நடையை மூளைக்கு எடுத்துக் குடுக்கும். பிள்ளைக்கு நடைவண்டி குடுக்கிற மாதிரி."

"என் தூக்கத்த எனக்கே திருப்பித் தாறிய."

"அதேதான்."

"திருப்பித் தார அளவுக்கு அது ஒண்ணும் சிலாக்கியமில்லையேம்மா" என்றாள் ஆவுடையம்மாள். எல்லாரும் இவ்வாறே சொல்வர் என்று கூறி ஷாஹிதா படிவத்தில் முத்திரை இட்டாள்.

பெண்கள் கூடத்தில் அவளுக்கு ஒதுக்கப்பட்டது ஏழாம் எண் கட்டில். கட்டில்கள் யாவும் தரையோடு முடுக்கப்பட்டிருந்தன. மெத்தைகளினின்று கம்பிகள் சுவருக்குள் சென்றன. ஆவுடையம்மாள் சன்னல் வழியே சூரியனைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், பிறகு அதன்மீது உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னக்கா, மூட்டைப்பூச்சியா?" என்று எதிர்க்கட்டிலிலிருந்து ஒரு குரல் கேட்டது. எட்டாம் எண்ணில் இருந்தவள் பருத்த உடலும் மலர்ந்த முகமும் உடைய ஐம்பத்தெட்டு வயதுப் பெண். ஞானசௌந்தரி என்பது பெயர். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கும் அதே அறுவை, அதே நாள்.

"தலைமாடு வடக்க இருக்கு. வடக்க தல வச்சு நான் படுக்க மாட்டேன்."

"சிஸ்டர்ட்டச் சொல்லுங்க."

"சொன்னேன். கட்டில மாத்துனா கேஸ் கட்டு மாறிப்போகும், பேசாமப் படுங்கன்னுட்டா."

ஞானசௌந்தரி தன் தலையணையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எனக்கு எல்லாத் திசையும் கர்த்தர் திசைதான். நீங்க இங்க வாங்க, நான் அங்க போறேன். ராத்திரிக்கு மட்டும். விடிஞ்சதும் அவ ரவுண்ட்ஸ் வாரதுக்குள்ள அவங்கவங்க கட்டிலுக்கு வந்துருவோம். கேஸ் கட்டும் மாறாது, திசையும் கெடாது."

மூன்று இரவுகளும் அவ்வாறே நடந்தது. விடியற்காலையில் தலையணையும் கையுமாக இருவரும் இடம் மாறுவதைக் கூடத்தில் வேறெவரும் கண்டிலர். நான்காம் நாள் இருவருக்கும் அறுவை நடந்தேறியது. சின்னாட்களில் இருவரும் வீடு திரும்பினர்.

ஆவுடையம்மாள் பெருமாள்புரத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தாள். பகலில் ஒரு பணிப்பெண் வந்து சமைத்துவைத்துவிட்டு, மாலையில் போய்விடுவாள். வீடு திரும்பிய முதல் இரவே, பால்காரன் வந்து போனதைக்கூட அறியாமல் ஆவுடையம்மாள் உறங்கினாள். அவளுக்கு அஃது ஒரு பெரிய செய்தி. இருபத்தெட்டு ஆண்டுகள் விடுதியில் ஒரு காதைத் திறந்துவைத்தே உறங்கியவள் அவள். இரவுப் பணிக்குச் சென்ற பெண்களுள் கடைசியாக வருபவள் இரண்டு மணிக்கு வருவாள். அவள் வந்ததும் வெளிக்கதவின் தாழைத் தொட்டுப் பார்த்துவிட்டே படுப்பது வழக்கம். பணி ஓய்வு பெற்ற பின்னரும் அந்த இரண்டு மணி அவளை விட்டு ஓய்வு பெறவில்லை. வருவதற்கு ஒருவரும் இல்லாத வீட்டிலும் எழுந்து தாழைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு விடியுமட்டும் உறக்கம் வாராது.

இப்போது இரண்டு மணி என்பதே இல்லாமற்போயிற்று. மருத்துவம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று அவள் வியந்தாள்.

பத்து நாட்களுக்குப் பிறகே வேறொன்று கண்ணில் பட்டது. கட்டிலின் நடுவே படுப்பவள், இடது ஓரத்தில் கண் விழித்தாள். வலது கை, வெறுமையாகக் கிடந்த மறுபாதியின்மீது நீண்டு கிடந்தது. விரிப்பின் அந்தப் பகுதி குளிர்ந்திருந்தது. மறுநாளும் அவ்வாறே. நாற்பது ஆண்டுகள் தனித்து வாழ்ந்தவள். எனினும் தனிமை என்ற சொல்லைத் தனக்குரியதாக அவள் ஒருநாளும் கருதியதில்லை. இப்போதோ ஒவ்வொரு காலையிலும், யாரோ ஒருவர் சற்று முன்னர்தான் பக்கத்திலிருந்து எழுந்து சென்றுவிட்டார் என்ற உணர்வோடு விழித்தாள். ஒருநாள் சமையலறைப் பக்கம் செவிசாய்த்துக் காத்துங்கூட இருந்தாள். பகல் முழுதும் அந்த வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழு வாரங்கள் கழிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்குச் சென்றாள். காத்திருப்போர் கூடத்தில், இடுப்பில் அகலப்பட்டை கட்டிய ஒருத்தி சுவரில் தலை சாய்த்திருந்தாள். கன்னம் ஒட்டிக் கண்கள் உள்ளடங்கியிருந்தன. அருகே ஒரு முதியவர் தண்ணீர்ப் புட்டியுடன் அமர்ந்திருந்தார். ஞானசௌந்தரியை அடையாளங்காண ஆவுடையம்மாளுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"யாரு, ஆவுடையக்காவா? கல்யாணப் பொண்ணு மாதிரில்லா பூரிச்சுப் போயிருக்கிய!"

"நீ ஏம்மா இப்படி ஆயிட்ட?"

"அத ஏன் கேக்கிய. தூக்கம்னு ஒண்ணு வச்சிருந்தேன். இந்த ஆஸ்பத்திரியில மறந்து வச்சிட்டுப் போயிட்டேன்." அருகிலிருந்தவரைக் காட்டி, "இவுகதான் எங்க வீட்டுக்காரவுக" என்றாள்.

அவர் பெயர் தேவசகாயம். அரசுப் பேருந்தில் முப்பதாண்டுகள் நடத்துநராக இருந்தவர். "முப்பத்தாறு வருஷமா இவ தூங்குனா இடி விழுந்தாலும் தெரியாதுக்கா. கல்யாணமான புதுசுல, மூச்சு இருக்கான்னு மூக்குல விரல வச்சுப் பாத்துருக்கேன். இப்பம் ரெண்டு மணி ஆனாப் போதும், எந்திச்சு உக்காந்துருதா. வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா."

ஆவுடையம்மாளின் கை நாற்காலியின் பிடியை இறுகப் பற்றியது. "ரெண்டு மணிக்கா?"

"டயம் தப்பாது."

"யாரோ ஒருத்தி இன்னும் வரலக்கா" என்றாள் ஞானசௌந்தரி. "அவ வாரதுக்குள்ள கண்ண மூடக்கூடாதுன்னு நெஞ்சு அடிச்சுக்கிடுது. யாருன்னு கேட்டாச் சொல்லத் தெரியல. எனக்குப் பொம்பளப் பிள்ளையே கிடையாது. ரெண்டும் பயலுவ. ஓசூர்ல கெடக்கானுவ."

"பெறகு எப்படித்தான் தூங்குத?"

தேவசகாயம் வெட்கத்துடன் சிரித்தார். "முதுகுல கை வைக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தோள்ல தட்டுவேன். நமக்கு வேற என்ன தட்டத் தெரியும்? விசில் ஊதுறத விட, பஸ் தகரத்துல ரெண்டு தட்டு தட்டுறதுதானே பழக்கம். ரெண்டு தட்டு, ரெண்டு தட்டு. 'எல்லாரும் ஏறியாச்சு, இனி யாரும் வரணும்னு இல்ல, போலாம்'பேன். பொய்தான். ஆனா கொஞ்ச நேரம் கேக்கும்."

"அந்தப் பொய்யிலதான் வண்டி ஓடுது" என்றாள் அவர் மனைவி. பிறகு குரல் தாழ்ந்தது. "எலும்பு ஒட்டலியாம்க்கா. அடுத்த மாசப் படத்துலயும் ஒட்டலைன்னா மறுபடியும் திறக்கணுமாம். இன்னொரு மயக்கத்துக்கு என்னால ஆகாது. இந்தத் தடவ போனா நான் திரும்பி வரமாட்டேன்."

ஏழாம் எண் கட்டில் ஆவுடையம்மாளின் கண்முன் தோன்றியது. அதில் மூன்று இரவுகள் உறங்கியவள் எதிரே அமர்ந்திருக்கிறாள். அந்த மெத்தை பதிந்துகொண்ட துயிலோ தன் முதுகில் இருக்கிறது. இரண்டு மணிக்கு எழுந்து வாசலைப் பார்ப்பவள் ஞானசௌந்தரி அல்லள். விடுதிக் காப்பாளர் ஆவுடையம்மாள்.

அவள் வாய் திறப்பதற்குள் அவளுடைய எண்ணை அழைத்தனர். உள்ளே மருத்துவர் படத்தைப் பார்த்து, எலும்பு மிக நன்றாகச் சேர்ந்து வருவதாகவும், இன்னும் ஒரு மாதம் இவ்வாறே உறங்கினால் போதும் என்றும் கூறினார். இன்னும் ஒரு மாதம். ஆவுடையம்மாள் பின்வாசல் வழியாக வெளியேறி வீட்டுக்குச் சென்றுவிட்டாள்.

ஒன்பது நாட்கள் அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. தன்னுடைய எலும்பு ஒட்டிவிட்டால் பிறகு சொல்லலாம் என்று எண்ணினாள். மருத்துவமனையாரே கண்டுபிடித்துவிடுவர் என்றும் எண்ணினாள். விடுதியில் பொய் சொன்ன பெண்களை நிற்கவைத்து அவள் கேட்ட கேள்விகள் யாவும் நினைவுக்கு வந்தன. அவர்கள் சொன்ன சாக்குகள் இவற்றைவிடச் சிறந்தவை. ஒவ்வோர் இரவும் நன்றாக உறங்கினாள். காலையில், இன்னொருத்தியின் கணவனுக்காக நீட்டிய கையோடு விழித்தாள். பத்தாம் நாள் ஷாஹிதாவுக்குத் தொலைபேசினாள்.

மறுநாள் துயிற்பிரிவின் சிற்றறையில் நால்வரும் கூடினர். கேட்டு முடித்த ஷாஹிதா இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "கட்டில மாத்திப் படுத்தீங்களா? மூணு ராத்திரியுமா? எங்க மெஷினுக்குக் கட்டில் நம்பர்தாம்மா தெரியும், ஆளத் தெரியாது. எல்லாக் கருவியும் வச்சோம்; வடக்கு எந்தப் பக்கம்னு ஒருத்தரும் பாக்கலியே!"

ஞானசௌந்தரி வியப்பு அடங்காமல் ஆவுடையம்மாளையே பார்த்திருந்தாள். பிறகு பட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பம் இந்த ரெண்டு மாசமா நான் தூங்குனது உங்க தூக்கமா? யக்கா, அது தூக்கமா? வாச்மேன் வேலைல்லா! சம்பளமாச்சும் வாங்கிருக்கலாம்."

தேவசகாயம் சிரிக்கவில்லை. "அக்கா, உங்களுக்கு இது எப்பம் தெரியும்?"

ஆவுடையம்மாள் தலை நிமிர்ந்தாள். "போன வாரம் செவ்வாக்கிழமை. நீங்க ரெண்டு மணின்னு சொன்ன உடனே."

"பத்து நாள்."

"ஆமா, அண்ணாச்சி."

"அந்தப் பத்து நாள்ல ஒரு நாள் இவ பாத்ரூம்ல விழப்பாத்தா. தெரியுமா? நான் பிடிச்சேன்." அவர் எழுந்து சன்னலருகே சென்று திரும்பி நின்றுகொண்டார். ஆவுடையம்மாள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதற்குத் தனக்குத் தகுதி உண்டா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"விடுங்கங்க" என்றாள் ஞானசௌந்தரி. "சொல்லாமலே இருந்துட்டா என்ன செஞ்சிருப்பிய?" பிறகு ஷாஹிதாவிடம், "ஏம்மா, என் தூக்கத்த அக்காவுக்கு ஒரு நகல் போட்டுக் குடுக்க முடியாதா? அவங்க எலும்பும் ஒட்டணும்லா?" என்று கேட்டாள்.

"ஒருத்தர் தூக்கத்த இன்னொருத்தருக்குப் போடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஆனா அந்தத் தூக்கம் யாரோடதோ அவங்க எழுதிக் குடுத்தாப் போடலாம்."

"நான் எழுதித் தாரேன். பேனா குடு."

ஆவுடையம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. பத்து நாட்கள் அவள் திருட்டுப் பொருள்போல் மறைத்து வைத்திருந்ததை, இவள் ஒரு கிண்ணம் குழம்பு தருவதைப்போல் தருகிறாள். "வேண்டாம் தாயி" என்றாள்.

"ஏங்க்கா? நல்லாத்தானே தூங்குதிய?"

"தூங்குற வரைக்கும் நல்லாத்தான் இருக்கு. முழிச்சாத் தாங்கல. பக்கத்துல யாரையோ தேடுது கை. எனக்கு அது பழக்கமில்ல." சன்னலருகே நின்றவரின் முதுகை அவள் பார்க்கவில்லை. "என்னோடத எனக்குக் குடுத்துரும்மா. ரெண்டு மணிக்கு எந்திக்கது எனக்கு ஒண்ணும் புதுசில்ல."

ஷாஹிதா திரையில் சிலவற்றைத் தட்டினாள். "முதல்ல பதிஞ்ச மூணு ராத்திரி விதை மாதிரிம்மா. இப்ப அது ஒவ்வொரு ராத்திரியும் பாத்துப் பாத்து வளந்திருச்சு. பாதியில நிறுத்தி மறுபடி விதையில இருந்து ஆரம்பிச்சா எலும்பு தாங்காது. வளந்ததையே அப்படியே இடம் மாத்திருதேன். இவங்ககிட்ட இருக்கது உங்களுக்கு. உங்ககிட்ட இருக்கது இவங்களுக்கு."

அவ்வாறே மாற்றினாள். வலி ஏதுமில்லை. விடைபெறும்போது தேவசகாயம் மனைவியின் பையை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். வாயிலை அடைந்தபின் மட்டும் ஒருமுறை நின்று, "படியில பாத்து இறங்குங்கக்கா" என்றார்.

ஒரு மாதம் கழித்து ஞானசௌந்தரி தொலைபேசினாள். எலும்பு ஒட்டத் தொடங்கிவிட்டதாம், கத்தி வேண்டாமாம். "நல்லாத் தூங்குதேன்க்கா. ஒண்ணுதான். தூக்கத்துல கை நீட்டி இவுக மேல பட்டதும் வெடுக்குன்னு பிடிச்சுக்கிடுதேனாம். காணாமப்போன பிள்ளையக் கண்டுபிடிச்ச மாதிரி. விடவே மாட்டேங்கேனாம். முன்ன அப்படிக் கிடையாது. இவுகளுக்கு மணிக்கட்டு வலிக்காம்." அவள் சிரித்தாள். வெறும் விரிப்பின்மீது நீண்டு நீண்டு மீண்ட தன் கையை ஆவுடையம்மாள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆவுடையம்மாளுக்கு இறுதிப் பரிசோதனை. எலும்பு ஒட்டிவிட்டது. மருத்துவர் கைகூப்பி விடை கொடுத்தார். ஷாஹிதா மட்டும் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு மணிக்கு முழிக்கிறீங்கம்மா. அது உங்களோடதுதான். ஆனா முன்னாடி விடியிற வரைக்கும் முழிச்சிருந்தீங்க. இப்ப நாலே நிமிஷத்துல திரும்பத் தூங்கிருறீங்க."

"ஆமா. எனக்கே ஆச்சரியந்தான்."

"இங்க பாருங்க. அந்த நாலு நிமிஷமும் தோள் தசையில சின்னச் சின்னதாத் துடிப்பு. இரண்டிரண்டா வருது. ரெண்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ரெண்டு. யாராச்சும் பக்கத்துல இருந்து தட்டிக் குடுத்தாத்தான் இப்படி வரும்." அவள் தயங்கினாள். "வீட்டுக்கு யாரும் வந்திருக்காங்களாம்மா?"

ஆவுடையம்மாள் திரையைப் பார்த்தாள். மலைக்கோடுகளைப்போல ஏறியிறங்கிச் செல்லும் நீண்ட கோட்டின் நடுவே, ஒரு பள்ளத்தில், இரண்டிரண்டாகச் சிறு முட்கள் நின்றன. எல்லாரும் ஏறியாச்சு. இனி யாரும் வரணும்னு இல்ல. தன் மனைவியின் அச்சம் என்று எண்ணி, நாற்பத்தொன்பது இரவுகளும் பின்னும் பத்தும் ஒரு மனிதர் தட்டிக்கொடுத்திருக்கிறார். அந்த இரவுகளில் விழித்திருந்தது யாருடைய அச்சமோ, அந்த அச்சம் அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறது.

"யாரும் வரலம்மா" என்றாள்.

"அப்ப அந்தக்கா வீட்டுல இருந்து ஒட்டிக்கிட்டு வந்ததா இருக்கும். உங்களோடது இல்ல. அழிச்சிரட்டுமா? ஒரு நிமிஷ வேலைதான்."

ஷாஹிதாவின் விரல் திரையின்மேல் காத்திருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் பிறர் பொருளைத் தொடாதிருக்கக் கற்பித்தவள் ஆவுடையம்மாள். சென்ற முறை தனக்கென்று நீட்டப்பட்டதையே வேண்டாமென்றவள்.

"எலும்பு ஒட்டிட்டுன்னு சொன்னியேம்மா?"

"ஒட்டிட்டு."

"அப்ப இருக்கட்டும். இடைஞ்சல் ஒண்ணுமில்ல."

முடிவுப் படிவத்திலும் அந்தப் பதினான்காம் வினா இருந்தது. கோடு இழுக்கப் பழகிய கை, காகிதத்தின்மேல் பேனாவை வைத்தது, பிறகு எடுத்துவிட்டது. ஆவுடையம்மாள் பதினைந்தாம் வினாவுக்குச் சென்றாள்.

"பதினாலு விட்டுப்போச்சு" என்றாள் ஷாஹிதா.

"விட்டுப்போகல. அப்படியே இருக்கட்டும்."

வெளியே வெயில் ஏறியிருந்தது. பெருமாள்புரம் செல்லும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்து, இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொதுவிடத்தில் கண்ணயர்வது அவள் வழக்கமன்று. விடுதிப் பெண்களையும் அதற்காகக் கடிந்துகொண்டவள் அவள். கடைசியாக ஒரு கிழவி கூடையுடன் ஏறினாள். நடத்துநர் எட்டிப் பார்த்தார். வருவதற்கு இனி எவருமில்லை. பேருந்தின் தகரத்தை இருமுறை தட்டினார்.

வண்டி நகர்ந்தது. ஆவுடையம்மாளின் கண்கள் தாமாகவே மூடின. அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போயிற்று.